நுவரெலியாக் காற்றுக்கும் உறைபனிக்கும் தாங்கும் பச்சைவீடு: கொழும்பில் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இதுதான். கொழும்பில் வசிக்கும் ஒரு குடும்பத்துக்கு நுவரெலியாவுக்கு மேலே காற்றடிக்கும் மேட்டில் காணி இருக்கிறது. 10 அடிக்கு 20 அடி அளவில் ஒரு பச்சைவீடு போட்டு தக்காளி, குடைமிளகாய், ஸ்ட்ரோபெரி வைக்க விருப்பம். கடைகளில் மூன்று வகை காட்டியிருக்கிறார்கள்: 4 மி.மீ. பொலிகாபனேற் (உள்ளே குழாய் வரிகள் ஓடும், ஒளி புகும் பிளாஸ்டிக்) சீட்டோடு வரும் அலுமினியக் கிட், ஜீ.ஐ. (நாகம் பூசிய இரும்பு) பைப்பில் பொலித்தீன் கூடாரம், இரும்புச் சட்டத்தில் 10 மி.மீ. சீட் அடித்துச் செய்துதருவது. குளிரைத் தாங்குவது எது? டொரன்டோவில் இருக்கும் தம்பியும் அதையே போடலாமா?

மூன்றாவதை எடுங்கள். ஆனால் கடைக்காரரிடம் சீட்டின் தடிப்பைக் கேட்பதற்கு முன் அத்திவாரத்தைக் கேளுங்கள். மலைநாட்டில் பச்சைவீடு குளிரால் உடைவதில்லை, காற்றால்தான் உடைகிறது. ஒரு சீட் கழன்று போனால் மிச்ச வெப்பக்காப்பு எல்லாம் அந்த ஓட்டையால் வெளியே போய்விடும். ஆகவே காசு போகவேண்டிய வரிசை: நங்கூரம், சட்டம், சீட்டைப் பிடிக்கும் முறை, இடைவெளி அடைப்பு, அதற்குப் பிறகு சீட்டின் தடிப்பு, கடைசியாக ஹீற்றர். விளம்பரங்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும்.

காற்றின் பலத்தைக் கணக்குப் போட ஒரே ஒரு சூத்திரம் போதும். வேகத்தை செக்கனுக்கு மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.613ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீற்றரில் எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். மணிக்கு 45 கி.மீ. காற்று சதுர மீற்றருக்குச் சுமார் 10 கிலோ. 90 கி.மீ. என்றால் 39 கிலோ. வேகம் இரட்டித்தால் பலம் நாலு மடங்காகும். கூரையில் இந்தப் பலம் கீழே அமுக்குவதைவிட மேலே இழுப்பதே அதிகம். 3 மீற்றருக்கு 6.3 மீற்றர் கூரையில் (இந்த 6.3 ஏன் என்பது பின்னால் வரும்) 90 கி.மீ. காற்று ஏறத்தாழ 590 கிலோ பலத்தோடு மேலே இழுக்கும். அந்த நேரம் காற்று வரும் பக்கத்துக் கதவு திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து தள்ளும். இழுப்பு 1,100 கிலோவுக்குப் போய்விடும். திறந்த கதவு ஒன்றே சுமையை ஏறக்குறைய இரட்டிக்கிறது. கதவைக் காற்றுக்கு மறுபக்கத்தில் வையுங்கள், பிணைச்சல் கதவுக்குப் பதிலாக இழுவைக் கதவு போடுங்கள், கொண்டி இல்லாமல் விடாதீர்கள் என்று சொல்வதெல்லாம் இதனால்தான்.

சட்டமும் சீட்டும் சேர்ந்து 300 கிலோ அளவில்தான் வரும். மிச்சத்தை நிலம் பிடிக்கவேண்டும். அலுமினியக் கிட்டோடு வரும் ஒரு சாண் நீள முளைகள், மழையில் ஊறிய மலைமண்ணில் கையாலேயே பிடுங்கப்படும். இந்த அளவுக்கு 2.1 மீற்றருக்கு ஒரு தூண், பக்கத்துக்கு நாலு, மொத்தம் எட்டு. நடுத்தூண்களுக்கு 30 செ.மீ. சதுரம், 60 செ.மீ. ஆழத்தில் கொங்கிறீட் கட்டை போட்டால் ஒவ்வொன்றும் 130 கிலோ. மூலைகளில் இழுப்பு அதிகம். அங்கே 40 செ.மீ. சதுரம் எடுங்கள், ஒவ்வொன்றும் 230 கிலோ வரும். எட்டும் சேர்ந்து 1,440 கிலோ. 1:2:4 (சீமெந்து, மணல், கல்) கலவையில் மொத்தம் 0.6 கன மீற்றர் கொங்கிறீட். 50 கிலோ சீமெந்து 4 மூட்டை போதும். தூணை நேரே கொங்கிறீட்டுக்குள் புதைக்கவேண்டாம். மண்ணும் இரும்பும் சந்திக்கும் இடத்தில்தான் துரு முதலில் தின்னும். கட்டையின் தலையை நிலத்துக்கு மேல் 10 செ.மீ. உயர்த்தி, 12 மி.மீ. ஜே போல்ட் (J போல் அடி வளைந்தது) இரண்டை 40 செ.மீ. உள்ளே விட்டு, தூணின் அடித்தகட்டை அதில் பூட்டுங்கள். கட்டையைச் சுற்றி நிரப்பும் மண்ணைப் பதினைந்து செ.மீ.க்கு ஒருமுறை இடித்து இறுக்கவேண்டும். தளர்வாகக் கொட்டிவிட்டால் ஒரு மழைக்காலத்தில் சட்டம் ஆடத் தொடங்கும்.

காணி சரிவாக இருந்து மண்ணை வெட்டிச் சமப்படுத்தப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் பிரதேச சபையிலும், ஜாவத்தை வீதியில் இருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலும் மண்சரிவு பற்றி விசாரியுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் இதை விளையாட்டாக எடுக்க முடியாது. வெட்டிய திட்டின் அடியில் பச்சைவீட்டை ஒட்டி வைக்கவும் வேண்டாம்.

சட்டத்துக்கு கல்வனைஸ் பண்ணிய பொக்ஸ் பார். தூணுக்கு 50 × 50 மி.மீ., சுவர்த் தடிப்பு 2 மி.மீ.; கூரை மரத்துக்கு (கூரைச் சீட்டைத் தாங்கும் பாரைத்தான் சொல்கிறேன்) 40 × 40 போதும். கடையில் தடிப்பைச் சொல்லக் கேட்டு வாங்காமல் வேனியர் கலிப்பரால் வெட்டு முனையை அளந்து பாருங்கள். பாரமும் விலையும் தங்கியிருப்பது அந்த அரை மில்லிமீற்றரில்தான். கூரை மரங்களுக்கு இடையே 1.05 மீற்றருக்கு மேல் விடவேண்டாம். நாலு மூலைச் சுவர்களிலும், கூரையின் இரண்டு முனைகளிலும் குறுக்குச் சாய்சட்டம் கட்டாயம். சட்டம் முழுவதும் சரிந்து படுப்பது பெரும்பாலும் பைப் மெலிவாக இருந்ததால் அல்ல, இந்தச் சாய்சட்டம் இல்லாததால். வெல்டிங் செய்த இடத்தில் நாகப்பூச்சு எரிந்துபோயிருக்கும். கம்பித் தூரிகையால் சுரண்டி, நாகம் அதிகமுள்ள கோல்ட் கல்வனைஸ் பெயின்ற் இரண்டு கை அடியுங்கள். கிட் வாங்குவதென்றால் கடையில் நிற்கும் மாதிரியின் கூரை விளிம்பைப் பிடித்து ஒருமுறை உலுப்பிப் பாருங்கள். ஒரு ஆளின் கைக்கு ஆடுவது சோளகத்துக்கு, அதாவது தென்மேற்குப் பருவக்காற்றுக்கு, நிற்காது.

சீட்டைப் பிடிக்கும் முறையில்தான் அலுமினியக் கிட்டுகள் பெரும்பாலும் தோற்கின்றன. 4 மி.மீ. சீட் மெல்லியது, காற்றில் வயிறு வளைந்து, விளிம்பு தவாளிப்பிலிருந்து நழுவும், சின்னக் கம்பிக் கிளிப் தெறிக்கும். முதல் சீட் போனதும் உள்ளே காற்று புகுந்து மற்றவற்றை உள்ளிருந்து தள்ளும். அதனால் ஒரு சீட்டோடு நிற்பதில்லை. சீட்டின் விளிம்பு குறைந்தது 20 மி.மீ. சட்டத்துக்குள் போகவேண்டும், கிளிப்புக்குப் பதில் முழு நீளத்துக்கும் அலுமினியப் பட்டி வைத்து, ரப்பர் வொஷரோடு 30 முதல் 40 செ.மீ.க்கு ஒரு திருகாணி. பொலிகாபனேற் வெயிலில் நீளும்: 3 மீற்றர் சீட், இரவுக்கும் உச்சி வெயிலுக்கும் இடையில் 40 பாகை மாறினால் 8 மி.மீ. அளவு. எனவே துளையைத் திருகாணியைவிட 3 மி.மீ. பெரிதாகப் போட்டு, வொஷர் அமர்ந்தவுடன் நிறுத்துங்கள். பலமாக முறுக்கினால் அந்தத் துளையிலிருந்தே வெடிப்பு ஓடும்.

சீட்டின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் புறஊதாக் காப்புப் பூச்சு இருக்கும். மேலுறையில் அச்சிட்ட பக்கம் வானத்தைப் பார்க்கவேண்டும். மாறி அடித்தால் சில வருடங்களில் மஞ்சளாகி நொறுங்கும். உள்ளே ஓடும் குழாய் வரிகள் மேலிருந்து கீழாக வரவேண்டும். மேல் முனையை அலுமினியம் டேப்பால் மூடுங்கள். கீழ் முனைக்குச் சிறு துளையுள்ள டேப். உள்ளே வியர்க்கும் நீர் வடியட்டும். இரண்டு முனையையும் இறுக மூடிவிட்டால் குழாய்க்குள் பாசி பிடித்துப் பச்சைக் கோடுகள் வரும், பிறகு எந்தக் கழுவலுக்கும் போகாது. வினாகிரி மணம் வரும் சிலிக்கன் பொலிகாபனேற்றுக்கு ஆகாது. நியூட்ரல் சிலிக்கன் என்று கேட்டு வாங்குங்கள்.

வெப்பக்காப்பைக் கணக்கோடு பார்ப்போம். வெளியே 2 பாகை, உள்ளே 10 பாகை வேண்டும் என்று வையுங்கள். சுவர் 2 மீற்றர், நடுமுகடு 2.8 மீற்றர் உயரம் என்றால் மொத்த வெளிப்பரப்பு 61 சதுர மீற்றர். ஒற்றைப் பொலித்தீனில் இது ஏறத்தாழ 3,200 வாட் இழக்கும். 4 மி.மீ. இரட்டைச்சுவர் சீட்டில் 1,900. 6 மி.மீ.இல் 1,700. 10 மி.மீ.இல் 1,500. ஒற்றையிலிருந்து இரட்டைக்குப் போகும்போதுதான் பெரிய லாபம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் கிடைப்பது கொஞ்சம்தான். 10 மி.மீ.ஐப் பரிந்துரைப்பதற்கு முதற் காரணம் அதன் விறைப்பு. 16 மி.மீ. மூன்றுசுவர் சீட் இந்த வேலைக்கு மிகை. ஒளியும் 75 சதவீத அளவுக்கு இறங்கும், மூடுபனி நாட்களில் அது செடிக்குப் பிடிக்காது.

இதே அளவு முக்கியம் இடைவெளி அடைப்பு. உள்ளிருக்கும் 45 கன மீற்றர் காற்று மணிக்கு ஒருமுறை மாறினால் இழப்பு 120 வாட். கதவுக்கு அடியிலும் கூரை முகட்டிலும் சந்து விட்டு, காற்றடிக்கும் இரவில் நாலுமுறை மாறினால் 475. ஆக, சில மீற்றர் ரப்பர் பீடிங்கும் கதவடித் தூரிகையும் மிச்சப்படுத்தும் வெப்பம், 4 மி.மீ.இலிருந்து 10 மி.மீ.க்கு மாறுவதில் கிடைக்கும் மிச்சத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். சுவரின் அடியைச் சுற்றி 50 மி.மீ. ரிஜிபோம் தகட்டை 45 செ.மீ. ஆழத்துக்கு நிறுத்திப் புதைத்தால் உள்மண்ணின் சூடு பக்கவாட்டில் ஒழுகாது. அந்த மண்தான் இரவில் உங்களுக்கு இலவச ஹீற்றர்.

பொலித்தீன் கூடாரம் விலை குறைவு என்பதால் அதையே எடுக்க நினைத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நுவரெலியாவில் உறைபனி வருவது காற்றும் மேகமும் இல்லாத, வானம் பளிச்சென்ற இரவுகளில், பெரும்பாலும் டிசம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை. நிலம் தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விடுகிறது. சாதாரணப் பொலித்தீன் அந்தக் கதிரை மறிப்பதில்லை. சில இரவுகளில் கூடாரத்துக்குள் வெளியைவிடக் குளிர் கூடிவிடுவதும் உண்டு, ஏனெனில் வெளியே அசையும் கொஞ்சக் காற்றும் உள்ளே வருவதில்லை. பொலிகாபனேற்றும் கண்ணாடியும் அந்தக் கதிரை மறிக்கும். பொலித்தீன்தான் என்றால் 200 மைக்ரோன், புறஊதாக் காப்போடு, அகச்சிவப்பை மறிக்கும் தேர்மிக் வகையைக் கேளுங்கள். மரப்பட்டியும் ஆணியும் அடிக்காமல் அலுமினியத் தவாளிப்பும் வளைகம்பியும் போட்டு இழுத்துக் கட்டுங்கள். படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும் தாள் ஒரு சோளகம் தாண்டாது. பைப்பில் தாள் தொடும் இடங்களை வெள்ளைப் பெயின்றால் மூடுங்கள். வெயிலில் சூடேறும் இரும்பு தாளை அந்த வரியிலேயே அறுக்கும். கந்தக மருந்து அடித்தாலும் தாளின் ஆயுள் குறையும்.

பகல் வேறு கதை. குளிர்நாட்டு அறிவுரைகளை அப்படியே எடுத்தால் இங்கே செடி வெந்துவிடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில், பூமத்திய ரேகையிலிருந்து 7 பாகையில் இருக்கிறது. பெப்ரவரியில் விடியற்காலை புல்லில் உறைபனி. அன்றே மதியம் மூடிய பச்சைவீட்டுக்குள் 40 பாகை. கூரைச் சாளரம் தரைப்பரப்பில் ஐந்திலொரு பங்கு வேண்டும். இந்த அளவுக்கு 1 மீற்றர் சதுரத்தில் நாலு. கீழ்ச்சுவரில் பூச்சிவலை அடித்த காற்றுவழியும் வேண்டும். சூட்டில் விரியும் மெழுகு உருளையால் சாளரத்தைத் தானாகத் திறக்கும் கருவி நல்லதுதான், ஆனால் அது மெதுவாகத்தான் மூடும், திடீர்க் காற்றில் அதன் கை வளையும். ஒவ்வொரு சாளரத்துக்கும் ஒரு சங்கிலியும் உள்கொளுக்கியும் வையுங்கள். காற்றெச்சரிக்கை வந்தால் கருவியைக் கழற்றிவிட்டுக் கொளுவலாம். காணியில் தினமும் ஆள் இல்லாமல் கொழும்பிலிருந்து வாரக்கடைசியில் மட்டும் போவதென்றால் இந்தக் கருவி இல்லாமல் முடியாது. சாளரம் திறக்காத ஒரு வெயில் நாள் போதும், நாற்றெல்லாம் போய்விடும்.

ஈரப்பதனும் அங்கே பெரிய எதிரி. இறுக்கமாக மூடிய வீட்டில் சீட்டின் உட்புறம் வியர்க்கும்; கூரை மட்டமாக இருந்தால் அது இலைமேல் சொட்டி, சாம்பல் பூஞ்சையும் தக்காளியில் பின்வெளிறலும் வரும். முன்சொன்ன அளவுகளில் கூரைச் சாய்வு 28 பாகை. நீர் சொட்டாமல் ஓரத்துக்கு வழியும். காலையில் வெயில் ஏறியதும் அரைமணி நேரம் மேலும் கீழும் திறந்து ஈரக்காற்றை வெளியேற்றுவது மருந்து அடிப்பதைவிடப் பயன்.

ஹீற்றர் வேண்டுமா என்பது பயிரைப் பொறுத்தது. ஸ்ட்ரோபெரிக்கும் சலாதுக்கும் உறைபனி படாமல் இருந்தால் போதும், அதற்கு இந்த வீடே செய்யும். தக்காளி இரவில் 13 பாகைக்குக் கீழே இறங்கினால் காய் பிடிப்பது குறையும். குடைமிளகாய் இன்னும் சூடு கேட்கும். கறுப்புப் பூசிய 200 லீற்றர் தண்ணீர் பரல் ஒன்று 5 பாகை ஆறும்போது 1.2 கிலோவாட் மணி அளவு வெப்பம் விடும். நாலு பரல் வைத்தால் பத்து மணி நேர இரவுக்கு 465 வாட், அதாவது இழப்பில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சத்துக்கு 2 கிலோவாட் விசிறி ஹீற்றர் தேர்மோஸ்டாற்றோடு, தனி ட்ரிப் சுவிட்ச்சோடு. மண்ணெண்ணெய் அடுப்பை உள்ளே வைக்கவேண்டாம்: ஒரு லீற்றர் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் நீராவியாக வரும், செடிக்குப் பூஞ்சை, மூடிய இடத்தில் காபன் மொனொக்சைட்டு ஆளுக்கே ஆபத்து.

இடத்தைப் பொறுத்தவரை மேட்டின் உச்சியும் வேண்டாம், பள்ளத்தின் அடியும் வேண்டாம். உச்சியில் காற்று வேகம் பிடிக்கும்; பள்ளத்தில் குளிர்காற்று தண்ணீர்போல் வடிந்து தேங்கி, உறைபனி அங்கேதான் முதலில் விழும். சரிவின் நடுப்பகுதி நல்லது. பச்சைவீட்டின் ஒடுங்கிய முனை காற்றைப் பார்க்கட்டும். மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வந்தாலும், பள்ளத்தாக்குகள் அதைத் திருப்பிவிடும். காணியில் நாலு கம்பு நட்டு ரிபன் கட்டி, எந்தப்பக்கம் பறக்கிறதென்று பார்ப்பதே சரியான அளவு. வெயிலுக்காகத் திசை பார்க்கத் தேவையில்லை, இந்த அகலாங்கில் எந்தத் திசையும் ஓடும். காற்றுத் தடுப்புக்கு மதில் கட்டவேண்டாம். காற்று அதைத் தாண்டி விழுந்து சுழலும். பாதி காற்று ஊடே போகும் வலை, பலமான கம்பங்களில், பச்சைவீட்டிலிருந்து வலையின் உயரத்தைப்போல் மூன்று நாலு மடங்கு தள்ளி.

இனி வாங்குவது. கொழும்பில் பச்சைவீடு என்று நிறுத்திக் காட்டுபவை பலவும் தாழ்நாட்டு மழைக்கும் வெயிலுக்கும் ஆனவை: பக்கம் முழுக்க வலை, முகடு எப்போதும் திறந்தது. மலைக்கு அவை உதவாது. பழைய சோனகத் தெருவிலும் குவாரி வீதியிலும் பொக்ஸ் பார், போல்ட், திருகாணி எல்லாம் எடுத்துவிடலாம். பொலிகாபனேற் சீட் பொதுவாக 2.1 மீற்றர் அகலத்தில் வரும். அதனால்தான் 6.3 மீற்றர் நீளம்: மூன்று சீட் சரியாக மூடும், வெட்டிக் கழிப்பது இல்லை, 1.05 மீற்றர் கூரை மரம் சீட்டின் நடுவிலும் விளிம்பிலும் விழும். 10 மி.மீ. சீட்டைச் சுருட்ட முடியாது. கடையிலேயே அளவுக்கு வெட்டி, முனைகளை டேப் ஒட்டி, லொறியில் மட்டமாகப் படுக்கவைத்து, ஹட்டன் வழி வளைவுகளுக்கு இரண்டு இடத்தில் கட்டி அனுப்புங்கள். காணியில் இறக்கி வெயிலில் அடுக்கிவைத்தால் மேலுறைத் தாள் சூட்டில் ஒட்டிக்கொள்ளும், பிறகு உரிக்க வராது. நிழலில் வைத்து, அடித்த அன்றே உரியுங்கள்.

கட்டி முடிந்து முதல் பெருங்காற்றுக்குப் பின் எல்லா நட்டையும் மறுபடி இறுக்கவேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏப்ரலிலும், சோளகம் தொடங்குமுன்.

தம்பியின் விஷயம் வேறு. டொரன்டோவில் பிரச்சினை பனிச்சுமை. ஈரப்பனி 30 செ.மீ. தேங்கினால் சதுர மீற்றருக்கு 90 கிலோவரை வரலாம். இதே கூரையில் 1.7 தொன். வெப்பக்காப்பு நல்லதாக இருக்க இருக்க உள்சூடு மேலே வராது, பனி உருகாமல் கூரையிலேயே கிடக்கும். ஆகவே அங்கே சீட் தடிக்கும்போது சட்டமும் தடிக்கவேண்டும். 16 மி.மீ. சீட் அங்கே நியாயம். கூரைச் சாய்வு 35 பாகைக்கு மேல் வைத்து, சறுக்கி விழும் பனி சுவரை அமுக்காமல் இரண்டு பக்கமும் ஒரு மீற்றர் வெறுமையாக விடவேண்டும். குளிர்கால வெயில் தெற்கில் தாழ்வாக வருவதால் முகடு கிழக்கு மேற்காக ஓடவேண்டும். கொங்கிறீட் கட்டையும் 60 செ.மீ. போதாது: அந்தப் பகுதியில் நிலம் 1.2 மீற்றர் ஆழம்வரை உறையக்கூடும். அதற்கு மேலே நிறுத்திய கட்டையை உறைந்து வீங்கும் மண் தூக்கிவிடும்.